கூடையில் விழுந்தவை

அவருக்கு என்னைத் தெரியும் முன்பே
அவர் இமைகளை எனக்குத் தெரியும்.
வசனத்துக்கு முன் ஒருமுறை மூடும்,
வசனம் முடிந்தும் ஒருமுறை.
நாடகக் கொட்டகைப் பழக்கம்.
சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருப்பார்,
சிரிக்க ஆளே இல்லாத ஸ்டுடியோவில்.

ஃபிர்மேன் தெகோம்ப்.
சாந்தெத்தியேனில் நிலக்கரித் தெருவில் பிறந்தவர்.
பதினாறு வருடம் வேனில் ஊர் ஊராக.
மேடையில் அரசர், இறங்கினால் சுமைகூலி:
தன் சிம்மாசனத்தைத் தானே கழற்றித்
தானே ஏற்றுவார்.
சினிமா அவரை இன்ஸ்பெக்டராக்கியது.
பதினொரு தடவை இன்ஸ்பெக்டர்,
ஏழு தடவை பிணம்.
(சாகும்போதுகூடக்
கொஞ்சம் தாமதமாகத்தான் செத்தார்.)

நான் பாரிஸ் ஓரத்தில், ஜுவான்வீலில், இரண்டாம் மாடி.
வெள்ளைப் பருத்திக் கையுறை, மஞ்சள் பென்சில்.
"மூச்சை எடு, முகத்தை வை" என்பார்கள் இயக்குநர்கள்.
எடுத்தேன்.
துணிக்கூடையில் சுருண்டு விழும்
அவருடைய அரை நொடிகள்.
பகல் முழுக்க வெட்டிவிட்டு
மாலையில் மீன் வாங்கப் போவேன்.
உறுத்தியதில்லை.

நாற்பத்தொன்பதாம் வயதில், ஒரு மார்ச் மழையில்,
படியேறி வந்தார், தொப்பி சொட்டச் சொட்ட.
"மதாம், என் மிச்சமெல்லாம் எங்கே போகிறது?"
கூடையைக் காட்டினேன்.
குனிந்து ஒரு சுருளை எடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
அதில் அவர் எதுவுமே செய்யவில்லை.
"நான் ஒழுங்காக நடித்த இடம் இதுதான்" என்றார்.
சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

மைத்துனரின் மோட்டார் ஷெட்டை அடகு வைத்துப்
படம் எடுத்தார்.
தராசு விற்கும் விதவை,
அவள் கடை மூடும் வாரம்,
அவ்வளவுதான் கதை.
'கட்' என்று கத்த வாய் வராது அவருக்கு.
தொப்பியைத் தூக்குவார்.
ஒருநாள் அதையும் மறந்து நின்றுவிட்டார்.
அந்த நடிகை, மரிவோன், வசனம் முடிந்து
என்ன செய்வதென்று தெரியாமல்
தராசுத் தட்டைத் துடைத்தாள்,
துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்,
பிறகு ஒரு விரலால் மெல்ல அழுத்தி
முள் எவ்வளவு காட்டுகிறதென்று பார்த்தாள்.
பிலிம் தீர்ந்து கேமரா வெறுமனே ஓடியது.
கேமராமேன் கெட்ட வார்த்தை சொன்னான்.

முள் நின்ற இடத்தில் பென்சிலால் குறி வைத்தேன்.
அவர் உள்ளங்கையால் மூடினார்.
நாற்பது ஃபிரேம்.
இரண்டு நொடிகூட இல்லை.
அதற்குப் பதினொரு நாள் சண்டை,
ஆறிப்போன காப்பிகளுக்கு நடுவே.
"இங்கே அவள் என்ன நினைக்கிறாள்?" என்றேன்.
"தெரியாது. அதனால்தான் வேண்டும்."
அவர் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது.
எனக்கு அலுத்துவிட்டது.

சாந்தெத்தியேனில் முதல் காட்சிக்கு ஒன்பது பேர்.
முள் நடுங்கும் இடத்தில் யாரோ இருமினார்.
இருட்டில் என் முழங்கையைத் தொட்டு
"கேட்டீர்களா?" என்றார்,
கைதட்டல் கிடைத்தவர் மாதிரி.
பத்திரிகைகளுக்கு ஒரே சொல்தான் கிடைத்தது: மந்தம்.
இரண்டாவது படம் அதைவிட மந்தம்,
அதைவிட நல்ல படம்.
ஷெட் கைவிட்டுப் போயிற்று.
மைத்துனர் இப்போது பேசுவதில்லை.

போன நவம்பரில் யாரோ ஒரு பையனின் படம்,
டப்பா டப்பாவாக என் மேசைக்கு வந்தது.
இன்ஸ்பெக்டர், பன்னிரண்டாவது தடவை.
நரைத்த புருவம், அளவு பெரிய ஓவர்கோட்.
பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு
இமைக்காகக் காத்திருந்தேன்.
மூடவில்லை.
கதவைத் திறந்தார், கேட்டார், போனார்.
வசனத்தின் கடைசி எழுத்தோடு
முகமும் முடிந்துபோயிருந்தது.
எங்கே வெட்டுவார்கள் என்று தெரிந்துகொண்ட மனிதர்
வெட்டிக்கொண்டே வந்திருந்தார்.

"எவ்வளவு சுத்தம், பாருங்கள்!" என்றான் பையன்.
பார்த்தேன்.
அன்று முழுக்கக் கூடையில்
ஒரு துண்டுகூட விழவில்லை.
யார்மேல் என்று தெரியவில்லை,
கோபம் கோபமாக வந்தது.